அரிசி வீட்டுக்கு வருது, சர்டிபிகேட் வராதா?

செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு, ஊரில் யாருக்கு என்ன உடம்பு என்பது சொந்தக்காரர்களுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார் கார்டு எல்லாம் என் மெஷின் கண்ணாடி மேல்தான் முதலில் வந்து படுக்கும். ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுக் கொடுப்பதால், மாற்றுத்திறனாளி அட்டைக்கு வருகிறவர்கள் நிறைய. எங்கள் பக்கம் அதற்கு 'யூடிஐடி' என்றுதான் பெயர், படிக்காதவர்கள் வாயிலும். வெள்ளிக்கிழமை சந்தைக்கு ஆடு ஓட்டி வந்த கையோடு, மடியிலிருந்து அப்பாவின் எக்ஸ்ரே கவரை எடுத்து நீட்டுகிறவர்களும் உண்டு.

எனக்கே இடது காலில் போலியோ. காலிபர் போட்டு, கைத்தடி ஊன்றி நடக்கிறவன். அந்த வரிசையும் அந்த பெஞ்சும் எனக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். ஆனால் என்னால் பஸ் ஏற முடியும். மெதுவாக என்றாலும் படி ஏற முடியும். ஏறவே முடியாதவர்கள் பாடு எப்படி என்பது என் மாமா விஷயத்தில்தான் முழுசாகப் புரிந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மேல்மலையனூர் பக்கத்தில் கிராமம். புளி உலுக்கப் போனவர், கிளை முறிந்து விழுந்தார். தண்டுவடத்தில் அடி. புதுச்சேரியில் ஆபரேஷன் செய்து உயிரோடு அனுப்பிவிட்டார்கள், ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சிறுநீருக்கு டியூப். படுக்கைப் புண் ஒரு பக்கம் ஆறினால் மறுபக்கம் தொடங்கும். அத்தை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறார், ராத்திரியிலும் செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டு.

தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. வருவாய்த்துறை வழியாக வருகிற உதவித்தொகை வேறு. அது 1,000 ரூபாயாக இருந்து 2023 ஜனவரியில் 1,500 ஆனது. மத்திய அரசின் திட்டம் என்று தனியாக ஒன்று உண்டு. அதற்கு 80 சதவீத ஊனம் வேண்டும், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், அதில் மத்திய அரசின் பங்கு 300 ரூபாய். இன்றைக்கு 300 ரூபாய்க்கு மாமாவுக்கு டயாப்பர் ஒரு வாரம் வராது.

இதில் எதை வாங்கவும் முதலில் ஊனச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் வாங்க ஆளை டாக்டரிடம் காட்ட வேண்டும். இங்கேதான் சிக்கல். வெளியூர் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணத்தில் முக்கால் பங்கு சலுகை உண்டு, ஆனால் அந்தச் சலுகைக்கே சான்றிதழ் கேட்பார்கள். இருந்தாலும்தான் என்ன, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவரை எந்த பஸ்ஸில் ஏற்றுவது? 108 அவசரத்துக்கு மட்டும். கடைசியில் குட்டியானை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, பின்னால் இலவம்பஞ்சு மெத்தையைப் போட்டுப் படுக்க வைத்துத்தான் போக வேண்டும். அதிலும் கூப்பிடுகிற தேதி அமாவாசையில் விழுந்தால் எங்கள் பக்கம் வண்டியே கிடைக்காது. எல்லா வண்டியும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் உற்சவத்துக்குப் போயிருக்கும்.

முதல் தடவை போன ஆஸ்பத்திரி எது என்று எழுதப்போவதில்லை. அங்கே வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் என் கடைக்கு வருகிறவர்கள், அவர்களிடம் எனக்குக் கோபமும் இல்லை. வாசலில் சாய்தளம் இருந்தது. சாய்தளத்தின் மேல் பைக்குகள் நின்றன. அவற்றை நகர்த்தி ஏறினால், சாய்தளம் முடிகிற இடத்தில் ஒரு செங்கல் உயரத்துக்குப் படி. கட்டியவர் அதுவரைக்கும் வந்து ஏனோ நிறுத்திவிட்டார். பார்க்கிற அறை மாடியில். லிஃப்ட் உண்டு, ஓட்டுகிற ஆள் அன்றைக்கு லீவு. அங்கே கொடுத்த சக்கர நாற்காலியில் ஒரு பக்கம் கால் வைக்கிற தட்டு இல்லை. மாமாவுக்குத்தான் உணர்வில்லையே, வலது கால் கட்டைவிரல் சிமெண்டுத் தரையில் தேய்ந்துகொண்டே போனதை யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து வேட்டியை விலக்கியபோதுதான் அத்தை ரத்தத்தைப் பார்த்தார். இத்தனைக்கும் டாக்டரைப் பார்த்தோமா என்றால், மத்தியானம் வரை உட்கார வைத்து, "ஆர்த்தோ சார் தியேட்டருக்குப் போயிட்டாரு, அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லி அனுப்பினார்கள்.

திரும்பி வரும்போது மாமா பேசவே இல்லை. வீட்டுத் திண்ணையில் இறக்கியதும் சொன்னார்: "மாப்ள, இனிமே இதுக்காக என்னத் தூக்காத. அந்தப் பணமும் வாணாம், ஒண்ணும் வாணாம்."

தண்டுவட நோயாளி ஒருவரை மணிக்கணக்கில் கெட்டி நாற்காலியில் உட்கார வைப்பது சும்மா காக்க வைப்பது மாதிரி இல்லை. ஒரே இடத்தில் எடை அழுந்தினால் சில மணி நேரத்திலேயே தோல் சிவந்து, உள்ளே சதை கெட ஆரம்பிக்கும். அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும், சிலருக்கு உயிரையே வாங்கும். மற்றவர்களுக்கு டோக்கன் தாமதம் என்றால் பசி, எரிச்சல். மாமாவுக்கு அது ஒரு புதுப் புண்.

நடுவில் ஒரு கோட்டைக் கதை. 2025 ஜூலையில் எங்கள் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியர் காலத்துக் கோட்டைகள் 12-ஐ ஒன்றாகச் சேர்த்தார்கள், அதில் 11 மகாராஷ்டிரத்தில், ஒன்று இங்கே. கடைக்கு வந்த வாத்தியார் ஒருவர், "நீ ராஜகிரி மேல போயிருக்கியா?" என்று கேட்டார். போனதில்லை. கீழே கல்யாண மகால் வரைக்கும்தான். அதில் எனக்கு வருத்தமும் இல்லை. மராட்டிய மன்னர் ராஜாராமைப் பிடிக்க வந்த மொகலாயப் படை 1690-லிருந்து 1698 வரை சுற்றி உட்கார்ந்திருந்த இடம் அது. ஆள் ஏறக்கூடாது என்று திட்டம் போட்டே கட்டியது, கட்டியவர்கள் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். ஊனச் சான்றிதழ் கொடுக்கிற அறையை மாடியில் வைத்தவர்கள் யாரைத் தடுக்க வைத்தார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். கடையில் கூட்டமில்லாத மத்தியான நேரத்துக்கு அது நல்ல வேலை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 25-ஆம் பிரிவு: வீட்டுக்கு அருகிலேயே, முக்கியமாகக் கிராமப்புறத்தில், இலவச மருத்துவ வசதி, அரசு மருத்துவமனையின் எல்லாப் பகுதிக்கும் தடையில்லாமல் போக வழி, பார்ப்பதிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை. எல்லாப் பகுதிக்கும் என்றால் மாடி அறைக்கும்தானே. 45-ஆம் பிரிவு, இருக்கிற பொதுக் கட்டடங்களை விதிகள் அறிவித்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் மாற்றியமைக்கச் சொல்கிறது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022 ஜூனோடு முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த வசதிகளை 'செய்தால் நல்லது' என்கிற பரிந்துரையாக விட்டுவைக்க முடியாது, கட்டாய விதியாக்குங்கள் என்று மத்திய அரசுக்குச் சொன்னது.

சான்றிதழ் தருவதைப் பற்றிய 58-ஆம் பிரிவையும் வரிவரியாகப் பார்த்தேன். விண்ணப்பிக்க வேண்டும், அதிகாரி ஊனத்தை மதிப்பிட வேண்டும், சான்றிதழ் தர வேண்டும் அல்லது இல்லையென்று எழுதித் தர வேண்டும். எந்தக் கட்டடத்தில், எந்த மாடியில் வைத்து மதிப்பிட வேண்டும் என்று அதில் இல்லை. ஆளைப் பார்க்க வேண்டும், சரி. யார் யாரிடம் போவது என்பது வழக்கம்தானே தவிர சட்டம் இல்லை.

அதற்குப் பிறகு மனு எழுதினேன். ஆன்லைனில் விண்ணப்பம் போட்டதோடு நம் வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறோம். ஆஸ்பத்திரியில் தேதி போடுகிறவருக்கு, வரப்போகிறவர் நடந்து வருவாரா, தூக்கி வர வேண்டியவரா என்பது எப்படித் தெரியும்? நாம்தான் முன்கூட்டியே, எழுத்தில் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரித் தலைமை மருத்துவருக்கு ஒன்று. அதன் நகல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு. இன்னொன்றை விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாளில் அத்தையை அழைத்துக்கொண்டு போய்க் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வந்தோம். செஞ்சியிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர், நானும் அத்தையும் பஸ்ஸில் போய்விடலாம். மாமா வர வேண்டியதில்லை என்பதுதான் முக்கியம்.

மனுவில் உருக்கமாக எதுவும் எழுதவில்லை. 'இடுப்புக்குக் கீழ் செயலிழப்பு. உட்கார வைத்தால் படுக்கைப் புண் மோசமாகும். சிறுநீர் டியூப் உள்ளது.' பிறகு மூன்று கோரிக்கை. டாக்டர் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். முடியாவிட்டால் ஆஸ்பத்திரி வளாகத்தில் வண்டியிலேயே வைத்துப் பார்க்கலாம். அதுவும் முடியாவிட்டால் தரைத்தளத்தில், ஸ்ட்ரெச்சரில், முதல் ஆளாக. அடியில் சட்டப் பிரிவு எண்கள் மட்டும். ஒன்றே ஒன்றைக் கேட்டால் 'முடியாது' என்று சொல்வது சுலபம். மூன்று கேட்டால் ஏதாவது ஒன்றுக்குத் தலையாட்டியாக வேண்டும், இது ஆபீஸ்களில் நான் பார்த்துக் கற்றது.

இணைப்பாக டிஸ்சார்ஜ் சம்மரி, எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் நகல், மாமா படுத்திருக்கிற போட்டோ. இன்னொன்றும் வைத்தேன், வேலை செய்தது அதுதான் என்று நினைக்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் மாமா வீட்டுக்கு வந்து கால்களை நீட்டி மடக்கிவிட்டுப் போவார். அவர் வந்து போகிற தேதிகளை எழுதிய அட்டையின் நகல். 'இவரை வீட்டில்தான் பார்க்க முடியும் என்று அரசாங்கமே ஒத்துக்கொண்டிருக்கிறது' என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

போன் வந்தது. வீட்டுக்கு வர ஆள் இல்லை, ஆனால் வண்டியைப் பின்பக்க கேட்டில் நிறுத்துங்கள், ஓ.பி. தொடங்குவதற்கு முன் டாக்டர் கீழே வருவார் என்றார்கள். மாமாவைச் சம்மதிக்க வைக்க அத்தைக்கு ஒரு ராத்திரி ஆனது.

டாக்டர் வந்தார். சின்ன வயசுக்காரர் இல்லை. குட்டியானையின் பின்தட்டைப் பிடித்து ஏறும்போது அவரே முட்டியைப் பிடித்துக்கொண்டு "அப்பா" என்றார். மெத்தை ஓரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். கால் விரலை அசைக்கச் சொன்னார். தொடையை அழுத்தச் சொன்னார். தசையின் பலத்துக்கு 0 முதல் 5 வரை மார்க் உண்டு, தன் எடையைத் தானே எதிர்த்துத் தூக்கினால் 3. மாமாவுக்குக் கால்கள் முழுக்க 0. மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று பார்க்கிற கோனியோமீட்டர், நம் ஜாமெட்ரி பாக்ஸ் பாகைமானிக்கு இரண்டு கை முளைத்த மாதிரி இருக்கும். அதை இடுப்பிலும் முட்டியிலும் வைத்துப் படித்துச் சொல்லச் சொல்ல, கீழே நின்ற நர்ஸ் எழுதிக்கொண்டார். குண்டூசியால் வயிற்றிலிருந்து கீழே லேசாகத் தொட்டுக்கொண்டே வந்தார். தொப்புளுக்குச் சற்றுக் கீழே மாமா "இப்ப தெரில சார்" என்றார். எம்.ஆர்.ஐ. ஃபிலிமை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இறங்கப் போனவரிடம் மாமா, "சாப்ட்டீங்களா சார்?" என்று கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டார். அவ்வளவுதான் மொத்த வேலையும். இதைச் செய்ய மாடி, லிஃப்ட், டோக்கன், பெஞ்சு எதுவுமே தேவைப்படவில்லை.

சதவீதக் கணக்கு பற்றிக் கடையில் அடிக்கடி சண்டை வரும், அதனால் இரண்டு வரி. ஒருவருக்குக் காலில் 50 சதவீதம், காது கேட்பதில் 30 சதவீதம் என்றால் இரண்டையும் கூட்டி 80 போட மாட்டார்கள். பெரிய எண்ணோடு, சின்ன எண்ணின் ஒரு பங்கை மட்டும் சேர்க்கிற சூத்திரம் உண்டு. அதன்படி சுமார் 63 வரும். "டாக்டர் குறைச்சுட்டாரு" என்று வருகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். உண்மையிலேயே தவறு என்று தோன்றினால் மேல்முறையீடு உண்டு, 90 நாளுக்குள் போட வேண்டும். தற்காலிகச் சான்றிதழ் கொடுத்திருந்தால் முடிகிற தேதியைப் பாருங்கள், மறந்தால் உதவித்தொகை நின்றுவிடும். 2024 அக்டோபரில் விதிகளைத் திருத்தியபோது, சான்றிதழ் தர ஒரு மாதம் என்றிருந்த கெடுவை மூன்று மாதமாக்கிவிட்டார்கள். கார்டுக்கும் கலர் வந்தது: 40-க்குக் கீழே வெள்ளை, 40-லிருந்து மஞ்சள், 80-லிருந்து நீலம். மாமாவுக்கு வந்தது நீலம்.

எல்லாம் நல்லபடி முடிந்ததே, பிறகு ஏன் இந்த நீளப் பதிவு? அன்றைக்கு அந்த டாக்டர் நல்லவராக இருந்ததால் நடந்தது. அவர் மாற்றலாகிப் போனால்? அடுத்த கிராமத்தில் மனு எழுதத் தெரிந்த மருமகன் இல்லாவிட்டால்?

வீட்டுக்கு வருவது அரசாங்கத்துக்குத் தெரியாத வித்தை கிடையாது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது: சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, பிசியோதெரபி வீட்டு வாசலுக்கு வருகிறது. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்தது: 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் அரிசி வீட்டுக்கு வந்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் 85 வயதைத் தாண்டியவர்களும் 40 சதவீத ஊனமுள்ளவர்களும் 12டி படிவம் கொடுத்தால், தேர்தல் ஊழியர், போலீஸ், வீடியோ கேமரா சகிதம் ஓட்டுப்பெட்டியே திண்ணைக்கு வந்தது. ஓட்டுக்கு வருகிற வண்டி சான்றிதழுக்கு மட்டும் ஏன் வழி தெரியாமல் நிற்கிறது? இதில் வேடிக்கை, வீட்டிலிருந்து ஓட்டுப் போடவே முதலில் 40 சதவீதச் சான்றிதழ் வேண்டும்.

டாக்டர் பற்றாக்குறை என்பார்கள். உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆர்த்தோ டாக்டர் ஒருவரே ஓ.பி.யும் பார்த்து, தியேட்டரும் பார்த்து, திண்டிவனம்–திருவண்ணாமலை ரோட்டில் விழுந்து வருகிறவர்களையும் பார்க்க வேண்டும். போலிச் சான்றிதழ் பயமும் உண்டு. 2024-ல் ஒரு பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரி மேல் புகார் கிளம்பியபோது நாடு முழுக்க அதுதான் பேச்சு. ஆனால் படுக்கையில் கிடப்பவர் போலியா என்று தெரிந்துகொள்ள அவர் வீட்டைவிட நல்ல இடம் எது? கட்டிலையும் டியூப் பையையும் பார்த்தாலே தெரிந்துவிடும். எந்தத் தெருவில் யார் படுக்கையில் இருக்கிறார் என்கிற பட்டியல் கிராம சுகாதார நர்ஸிடமும் மக்களைத் தேடி மருத்துவ ஊழியரிடமும் இருக்கிறது. உலக வங்கிக் கடனில் நடக்கிற 'உரிமைகள்' திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான 'விழுதுகள்' மையங்களும், சிகிச்சைக்குக் கிராமத்துக்குப் போகிற வண்டிகளும் வந்திருக்கின்றன. அந்த வண்டியில் மாதம் ஒரு காலை, ஓர் ஆர்த்தோ டாக்டரையும் ஏற்றிவிட்டால் ஒரு வட்டத்துக்குப் போதும் என்பது என் கணக்கு.

பிரிட்டனில் 'பிப்' என்று ஓர் உதவித்தொகை இருக்கிறது, 2013-லிருந்து. அதற்கான மதிப்பீட்டை மையத்துக்குப் போயும் செய்யலாம், போனிலும் செய்யலாம், வீட்டுக்கு வரச் சொல்லியும் கேட்கலாம். கேட்டதெல்லாம் கிடைத்துவிடுவதில்லை, அங்கேயும் டாக்டர் கடிதம் கேட்டு இழுத்தடிப்பார்கள் என்று படித்திருக்கிறேன். எனக்குப் பிடித்தது வேறு: அங்கே சமைக்க முடிகிறதா, குளிக்க முடிகிறதா, எவ்வளவு தூரம் நகர முடிகிறது என்று கேட்டு மார்க் போடுகிறார்கள். நம் முறை மூட்டையும் தசையையும் அளக்கிறது. கக்கூஸ் வீட்டுக்குள் இருக்கிறதா, கொல்லையில் இருக்கிறதா என்று மாமாவை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அத்தையின் முதுகுவலிக்கும் ஒரு சதவீதம் கொடுத்திருக்க வேண்டும்.

2025 ஏப்ரலில் சட்டசபையில் இரண்டு சட்டத் திருத்தங்கள் நிறைவேறின. கிராம ஊராட்சியிலிருந்து பேரூராட்சி, மாநகராட்சி வரை உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினர்களாக உட்கார வழி செய்கிற திருத்தங்கள். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் உட்கார்ந்தால், அவரிடம் கேட்க வேண்டிய முதல் தீர்மானம் இதுதான்: படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே மதிப்பீடு.

அதுவரைக்கும், வீட்டில் யாராவது இப்படி இருந்தால், தேதி வந்ததும் ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். ஒரு ஆள் முதலில் தனியாகப் போய் இடத்தைப் பாருங்கள்: அறை எந்த மாடி, லிஃப்ட் ஓடுகிறதா, வண்டி எங்கே நிற்கும், டாக்டர் அன்றைக்கு இருக்கிறாரா. மனுவை முன்கூட்டியே கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். பதில் வராவிட்டால் முதல்வர் உதவி எண் 1100-க்குப் போன் போடுங்கள். அதிலும் நகரவில்லை என்றால் சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதலாம், தபாலே போதும். போகிற நாளில் தண்ணீர் மெத்தையோ தலையணையோ எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் கால் தட்டு இருக்கிறதா என்று உட்கார வைப்பதற்கு முன் பாருங்கள்.

மனுவின் மாதிரி என் கடை கம்ப்யூட்டரில் இருக்கிறது. பெயர், ஊர், நோய் மூன்றையும் மாற்றினால் போதும். பிரிண்ட்டுக்கும் ஜெராக்ஸுக்கும் மட்டும்தான் காசு, எழுதித் தருவதற்கு வாங்குவதில்லை. கடையில் படி கிடையாது, சக்கர நாற்காலி நேராக உள்ளே வரும். ஞாயிற்றுக்கிழமை லீவு.